நிற்கக்கூடாத வீதியும் பார்க்க வேண்டிய இடங்களும்

ரொறன்ரோவிலிருந்து வந்த அக்காவின் மகள் தன் கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். காங்கேசன்துறைக் கடற்கரை, கீரிமலைக் கேணி, கலங்கரை விளக்கம், மயிலிட்டித் துறைமுகம், மாதகலில் சங்கமித்தை வந்திறங்கிய இடம். கடந்த ஓகஸ்ட், நல்லூர்த் திருவிழாக் காலம். "மாமா, நாளைக்கு இதெல்லாம் ஒரே நாளில பாக்கலாமா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். குசினிக்குள் இருந்த அம்மா, "நானும் வாறன்" என்றார்.

பட்டியலை வாங்கி மறுபடி பார்த்தேன். எங்கள் ஊர் அதில் இருந்தது. மூன்றாவது பெயருக்கும் ஐந்தாவது பெயருக்கும் இடையில், நட்சத்திரக் குறியோடு, "சூரிய உதயம் பார்க்கச் சிறந்த இடம்" என்ற குறிப்போடு.

மயிலிட்டியில் சூரிய உதயம் பார்க்க யாரும் எழும்பியதாக எனக்கு நினைவில்லை. அந்த நேரத்துக்கு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கரையில் நின்ற பெண்கள் கிழக்கைப் பார்க்கவில்லை, வள்ளத்தைப் பார்த்தார்கள். நாட்டின் மீனில் மூன்றில் ஒரு பங்கு மயிலிட்டியிலிருந்து போனது என்று எங்கள் ஊரவர்கள் இன்றும் சொல்வார்கள். கணக்கை எவரும் காட்டியதில்லை. ஆனால் ஐஸ் ஏற்றிய லொறிகள் வரிசையாய் நின்றதும், கொழும்புக்குப் போக வேண்டிய மீன் முதலில் ஏறியதும், மிச்சம் எங்கள் சட்டிக்கு வந்ததும் எனக்குத் தெரியும். 1990 ஜூன் 15 அன்று எனக்குப் பதினொரு வயது. அன்று வெளிக்கிட்டவர்கள் இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று நினைத்து அரிசிப் பானையை மூடிவிட்டு வந்தார்கள். துறைமுகம் மக்களிடம் திரும்பியது 2017 ஜூலை 3 அன்று. இடையில் போனது இருபத்தேழு வருடங்கள். அப்பா அதைப் பார்க்கவில்லை.

ஆகவே இதைச் சுற்றுலாக் கட்டுரையாக எழுத என்னால் இயலாது. ஆனால் சுற்றுலாவைத் திட்டி எழுதவும் வரவில்லை. கடந்த ஒக்டோபரில் லோன்லி பிளானட் நிறுவனம் 2026ஆம் ஆண்டில் போய்ப் பார்க்க வேண்டிய 25 இடங்களின் பட்டியலில் யாழ்ப்பாணத்தையும் சேர்த்தது. எங்கள் முகநூல் பக்கங்கள் எல்லாம் அந்தச் செய்தியால் நிரம்பின. நானும் விருப்பக்குறி போட்டேன். முப்பது வருடமாக உலகச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தபோதெல்லாம் பின்னால் ஒரு எண்ணிக்கையும் வந்தது. இந்த முறை அப்படி வரவில்லை. அந்தச் சந்தோசத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. கேள்வி வேறு. பார்க்க வருகிறவர் எந்தக் கரையில் இறங்குகிறார், எவருடைய காணியில் தேத்தண்ணி குடிக்கிறார், அவர் கொடுக்கும் காசு எவருடைய பெட்டிக்குள் விழுகிறது என்பதுதான்.

உடுவிலிலிருந்து தெல்லிப்பழையைத் தாண்டி காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், மாவிட்டபுரத்துக்கு அப்பால் காற்றில் உப்பு வாசம் வரும். மாவிட்டபுரம் கந்தனின் விக்கிரகம் வந்திறங்கிய துறை என்பதால் காங்கேயன்துறை ஆயிற்று என்பது ஐதீகம். ரயில் நிலையம் புதுப் பெயின்ரோடு நிற்கிறது. 1990இல் நின்ற யாழ்தேவி, 2015 ஜனவரி 2 அன்றுதான் மறுபடி இங்கே வந்தது. இப்போது கொழும்பில் காலையில் ஏறுகிறவர் பின்னேரம் கடலில் கால் நனைக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் வருகிறது. 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் வேறு கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. துறைமுகத்தைத் திருத்த இந்தியா 6 கோடியே 15 இலட்சம் டொலர் நன்கொடையாகத் தருவதாக அறிவித்திருக்கிறது. பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். ரயில், கப்பல், விமானம் மூன்றும் ஐந்தாறு மைல் வட்டத்துக்குள் வந்து சேரும் இடம் வடக்கில் வேறில்லை. ஆக, வலிகாமம் வடக்கின் கரை வரும் பத்து வருடத்தில் மாறத்தான் போகிறது. எவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

காங்கேசன்துறைக் கடற்கரை அழகானது. அதைச் சொல்லாமல் விடுவது பொய். முருகைக்கல் பாரில் அலை உடைந்து கரைக்கு வரும்போது களைத்துப்போய் வருகிறது. சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கலாம். மருமகள் இறங்கினாள். தெற்கிலிருந்து வந்த இரண்டு பஸ்காரரின் பிள்ளைகளும் இறங்கினார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். கொஞ்சத் தூரத்தில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி. அறை, சாப்பாடு, கலியாண மண்டபம், கடலைப் பார்த்த புல்தரை. இணையத்தில் பதிவு செய்யலாம். கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து காட்டினேன். "கிட்டப் போகேலாதா?" "ஏலாது." "ஏன்?" "அது வேலிக்கு அங்கால." பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு பாதிச் சரிக்குறி போட்டாள்.

இங்கே சிலவற்றை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுபோல மரங்களிலும் மதில்களிலும் ஒட்டினார்கள்; உரிமையாளர்கள் நான்கைந்து மைல் தள்ளி முகாம்களில் இருந்தார்கள். 2,176 பேர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் பிறகு, முக்கியமாக 2015க்குப் பின்னர், பெரும்பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. எங்கள் வளவும் 2018 சித்திரையில் விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் வந்தது. ஆனால் இன்னும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விடுபடவில்லை. விடுபடாததில் கரையோரத் துண்டுகள் இருக்கின்றன, செம்மண் தோட்டக் காணி இருக்கிறது. தோட்டக் காணியின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். கரையோரத் துண்டின் பெறுமதி எங்களுக்கே இப்போதுதான் தெரிய வருகிறது. முன்பு அது வலை காயப்போடும் இடம், வாடி போடும் இடம். இப்போது அது "கடல் பார்த்த காணி".

பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்று சொன்ன இடத்தில் அறை வாடகைக்கு விடுவது எப்படிப் பாதுகாப்பு என்று இங்குள்ளவர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். காரைநகர்ப் பக்கம் கடலுக்குள் இருக்கும் ஹமன்ஹீல் கோட்டையைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது. அது பழைய அரச சொத்து, அதில் தனியார் உரிமைப் பிரச்சினை இல்லை என்று வாதிடலாம். தனியார் உறுதி உள்ள காணியில் அந்த வாதமும் நிற்காது. இன்னொன்று: இராணுவம் நடத்தும் கடைக்கோ விடுதிக்கோ காணி வாடகை இல்லை, ஆட்களின் சம்பளம் அரசாங்கச் செலவு. பக்கத்தில் ஐந்து இலட்சம் கடன் எடுத்துச் சாப்பாட்டுக் கடை போடுகிற ஒருவர் அந்த விலைக்கு ஒரு பிளேன்ரீயும் வடையும் கொடுக்க முடியாது. போட்டி என்று அதற்குப் பெயர் வைக்கக்கூடாது. சுற்றுலா வளர்ந்தால் உள்ளூரவருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்கிற ஒவ்வொரு மேடையிலும் இந்தக் கணக்கை யாராவது எழும்பிக் கேட்க வேண்டும்.

கீரிமலைக்கு மேற்கே திரும்பினோம். வழியில் சீமெந்துத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு. 1950இல் தொடங்கி 1990 வரை வேலை செய்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதால் சாப்பிட்டன. அதற்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய கிடங்குகள் இன்றும் தண்ணீரோடு கிடக்கின்றன. மருமகள் அதையும் படம் எடுத்தாள், பச்சைத் தண்ணீர் வடிவாக இருக்கிறது என்று. அவளுக்குக் கீரிமலையைப் புரிய வைக்க அந்தக் கிடங்குதான் உதவியது. குடாநாட்டின் அடி முழுவதும் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடி, கடலுக்குப் பக்கத்தில் நன்னீராக மேலே வருகிறது. அதுதான் கேணி. அலை அடிக்கிற இடத்துக்குப் பத்தடி இப்பால் குளிர்ந்த நல்ல தண்ணீர். கல்லைத் தோண்டித் தோண்டி எடுத்தால் கடல் உள்ளே வரும். கேணியும் போகும், கிணறும் போகும். ஆறே இல்லாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். ரொறன்ரோப் பள்ளிக்கூடத்தில் இல்லை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்.

கீரிமலை எங்களுக்குக் குளிக்கும் இடம் மட்டும் கிடையாது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் வருவார்கள். அந்திரட்டிக்கு வருவார்கள். சாம்பல் கரைக்க வருவார்கள். பாதை மூடியிருந்த வருடங்களில் அதற்கும் வழியில்லாமல் போனது. செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைக் கிணற்றடியில் செய்துவிட்டு, "பிறகு கீரிமலைக்குப் போவம்" என்று தள்ளிப்போட்ட குடும்பங்கள் எத்தனை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் அந்தச் சடங்கைச் செய்ய மறுக்கிறார்கள், செய்தால் பிள்ளை இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று. கேணிப் படிக்கட்டில் ஒரு பக்கம் குடும்பமாக வந்து முழுகி எழும்பிச் சிரிக்கிறார்கள். மறுபக்கம் ஐயர் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மதுபானப் போத்தலைக் கரையில் உடைத்துவிட்டுப் போகிறவர்கள் தெற்கிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கள் பொடியளும்தான். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாகிவிடும்.

கேணிக்குக் கொஞ்சம் தள்ளி, மகிந்த ராஜபக்ஷ காலத்தில் கட்டிய ஜனாதிபதி மாளிகை. அதை என்ன செய்வது என்று ஒவ்வொரு அரசாங்கமும் ஒவ்வொரு யோசனை சொல்லியிருக்கிறது. காணி எவருடையது என்ற கேள்வி எல்லா யோசனையிலும் கடைசிப் பந்தியில் வருகிறது.

கோயிலடியில் பனங்கட்டியும் ஒடியலும் விற்கிற ஒரு அக்காவிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எங்கே முகாமில் இருந்தீர்கள் என்று தொடங்கி, கோணப்புலத்தில் தெரிந்தவர்களைத் தேடும் பேச்சு. வியாபாரம் எப்படி என்று நான் கேட்டேன். "பஸ் நிக்குது தம்பி, காசு நிக்குதில்லை" என்றார். விளக்கமும் சொன்னார். தெற்கிலிருந்து யாத்திரையாக வருகிறவர்கள் அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் பஸ்ஸின் கீழ் கொண்டு வருகிறார்கள். அவர்களும் வசதியில்லாத சனம்தான்; காசு சேர்த்து ஒருதரம் வருகிறார்கள். நயினாதீவு, நல்லூர், கீரிமலை, மாதகல் சம்பில்துறை, இப்போது தையிட்டி. ஒரே நாளில் ஓடுகிறார்கள். வசதியானவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். அவர்களுக்குத் தேவையானது எல்லாம் விடுதிக்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கட ஆட்கள்? "அவையள் படம் எடுப்பினம். பேரம் பேசுவினம்." மருமகள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு குட்டான் பனங்கட்டி வாங்கினாள், சொன்ன விலைக்கே.

மாதகலுக்குப் போக நேரம் போதவில்லை. திரும்பிக் கிழக்கே தையிட்டிப் பக்கம் வந்தோம். திஸ்ஸ விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் தூரத்திலேயே தெரிகிறது. தனியாருக்கு உரித்தான காணியில் இராணுவத்தால் கட்டப்பட்டு 2023இல் திறந்த விகாரை அது. போயா தினம்தோறும் அதற்கு முன்னால் காணி உரிமையாளர்களும் அரசியல் கட்சியினரும் போராட்டம் செய்கிறார்கள், பொலிஸார் நிற்கிறார்கள், யாத்திரிகர் பஸ்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போகின்றன. பஸ்ஸில் வருகிற ஒரு கிராமத்து அம்மாவுக்கு இந்தக் காணியில் ஒரு குடும்பம் உறுதியோடு வெளியே நிற்கிறது என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு அது ஒரு புண்ணியத் தலம். சுற்றுலா இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருமுறை பட்டியலில் ஏறிய இடத்தை அதன் பிறகு பார்க்க மட்டும்தான் முடியும்; அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கிற பழக்கம் போய்விடும். நாளைக்குக் கைபேசி வரைபடத்தைத் தவிர வேறு எதையும் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

மயிலிட்டி. துறைமுகத்தில் முதலில் கண்ணில் படுவது எங்கள் வள்ளங்கள் இல்லை; எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப்படகுகள். வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, சில பாதி அமிழ்ந்தபடி. பெயின்ரும் சாமிப் பெயரும் இன்னும் மங்கவில்லை. மருமகளுக்கு அது நல்ல காட்சி. அந்த இடத்திலேயே வலை தெரிந்துகொண்டிருந்த ஒரு அண்ணைக்கு அது தலையிடி. "காத்துக் காலத்தில கயிறு அறுந்தா எங்கட வள்ளத்திலதான் வந்து இடிக்கும். கட்ட இடமில்லை. எண்ணெய் கசியுது. எடுத்துப்போங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியாச்சு" என்றார். இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. கடலில் அது ஓயவில்லை. கரையில் அதன் மிச்சம் எங்கள் துறைமுகத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பிடித்து வைத்தால் எங்களுக்கு இடைஞ்சல், விட்டால் திரும்ப வந்து வலையை அறுக்கும். இரண்டு பக்கமும் தமிழன் என்பதால் இதைப் பேச எங்கள் அரசியல்வாதிகளுக்கு நாக்குப் புரளுவதில்லை. கடற்றொழிலாளியின் பிரச்சினை என்றால் கடற்றொழிலாளிதான் பேச வேண்டும் என்ற பழைய நினைப்பும் அதற்குள் இருக்கிறது. மீன் எல்லார் வீட்டுக்கும் வேண்டும், மீன் பிடிக்கிறவனின் கரை எவருக்கும் வேண்டாம்.

நாங்கள் போய் இரண்டு கிழமைக்குள், செப்ரெம்பர் முதலாம் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே வந்து துறைமுக அபிவிருத்தியின் மூன்றாம் கட்டத்தைத் தொடக்கி வைத்தார். நல்லது. பலநாள் படகு கட்டுவதற்கும் ஐஸுக்கும் ஏல மண்டபத்துக்கும் வசதி வந்தால் எங்கள் பொடியள் கடலை விட்டு வெளிநாட்டு ஏஜென்சிக்காரரிடம் போவது கொஞ்சம் குறையலாம். துறைமுகத்துக்குப் போகிறவர்களின் வீட்டுக் காணி எத்தனை பேருக்கு இன்னும் வேலிக்குள் இருக்கிறது என்பதையும் அதே கோவையில் வைத்துப் பார்க்க வேண்டும். உடுவிலிலும் மல்லாகத்திலும் வாடகை வீட்டிலிருந்து விடியப்புறம் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் கடலுக்கு வருகிற கடற்றொழிலாளியை உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிது. கடல் வாசலில் இருந்தவன் இப்போது கடலுக்குப் பயணம் செய்கிறான்.

எங்கள் வளவுக்குப் போனோம். பற்றை வெட்டி வேலி அடைத்து வைத்திருக்கிறோம், வீடு கட்டவில்லை. இதற்கு எவரையும் குற்றம் சொல்ல முடியாது. அக்கா கனடாவில், தம்பி லண்டனில், எனக்கு வேலை யாழ்ப்பாண நகரில். காணி விடு விடு என்று கத்தினோம். விட்ட பிறகு எங்களில் எத்தனை பேர் வந்து இருந்தோம் என்று படைத்தரப்பு கேட்டால் தலையைக் குனிய வேண்டிய குடும்பங்களில் எங்களதும் ஒன்று. இருபத்தேழு வருடம் ஒரு ஊரைப் பூட்டி வைத்தால் சனம் வேறிடத்தில் வேர் விட்டுவிடும் என்பதும் உண்மை. ஒன்று மற்றதற்குச் சாட்டு ஆகாது.

நிற்பது குசினிச் சுவர் ஒன்று, அதன் யன்னல் துவாரம், அதற்குள்ளால் கடல். மருமகள் சொன்னாள், அது படச்சட்டம் மாதிரி இருக்கிறது என்று. அவள் சொன்னது சரி. அந்த வேளை ஒரு வான் ஒழுங்கையில் வந்து நின்றது. குருநாகலோ கேகாலையோ, ஒரு சிங்களக் குடும்பம். வழி மாறி வந்திருக்க வேண்டும். தகப்பனானவர் இறங்கி, சுவரையும் கடலையும் கைபேசியில் எடுத்தார். பிறகுதான் வேலிக்குள் நாங்கள் நிற்பதைக் கண்டார். இது யாருடைய வீடு என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் அரைகுறை. எங்கட வீடு என்று சொல்லி அம்மாவைக் காட்டினேன். அவர் கைபேசியை இறக்கிவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல், மன்னிக்க வேண்டும், படத்தை அழித்துவிடவா என்று கேட்டார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா, "ஏன் அழிக்கிறான்? எடுக்கச் சொல்லு. அது என்ர குசினி எண்டும் சொல்லு" என்றார். சொன்னேன். அவருடைய மனைவி வானிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் பொது மொழி இல்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

அதை நல்லிணக்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தச் சொல்லை நிறையப் பேர் பாவித்துத் தேய்த்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒழுங்கையில் நடந்தது பஸ் பயணத்தில் நடக்காது. வழி மாறி வந்ததால் நடந்தது. வீட்டுக்காரர் வீட்டில் நின்றதால் நடந்தது. வருகிறவர்களைக் காணிச் சொந்தக்காரர் வரவேற்கிற சுற்றுலாவுக்கும், சொந்தக்காரர் இல்லாத காணியில் சொந்தக்காரரைத் தெரியாமலே நடக்கிற சுற்றுலாவுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு இதைவிட எளிதாக விளக்கத் தெரியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வேலிக்குள் உள்ள கரையை விடுவிக்கும் திகதியை அறிவிக்காமல் அந்தப் பகுதியில் புதிய சுற்றுலா முதலீட்டுக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று முதலில் கேட்க வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. ஆகவே மாகாணத்தின் சுற்றுலாவைப் பற்றி முடிவெடுக்க மக்கள் தெரிந்தெடுத்த சபை ஒன்று இல்லை. ஆளுநரும் கொழும்பும்தான். இருப்பது 2025 மே மாதத் தேர்தலில் வந்த பிரதேச சபை. வாகனத் தரிப்பிடம், கழிப்பறை, கடை அனுமதி, கடற்கரைத் துப்புரவு எல்லாம் அதன் கையில் இருக்க வேண்டியவை. காங்கேசன்துறைக் கரையில் பத்துக் கடையை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒதுக்குவதற்கு ஜனாதிபதி வரத் தேவையில்லை. கருவாடும் கணவாய்ப் பொரியலும் அந்தப் பெண்களுக்குச் செய்யத் தெரியும். குந்த ஒரு இடம்தான் இல்லை. அறிவிப்புப் பலகைகளையும் சபை எழுதலாம். 1990இல் இங்கிருந்து எத்தனை ஊர்கள் வெளியேறின என்று சொல்கிற ஒரு பலகையை அன்றைய பயணத்தில் நான் காணவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானி பலருக்கு மறந்திருக்கும். வடக்கின் நான்கு மாவட்டங்களில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர், பெரும்பாலும் கரையோரம். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. உயர் நீதிமன்றம் வரை போய், இறுதியில் அரசாங்கம் அதை விலக்கிக்கொண்டது. அந்த மூன்று மாதமும் வெளிநாடுகளிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை நான் மறக்கவில்லை. உறுதி எங்கே, தோம்பு எங்கே, எவர் பெயரில் இருக்கிறது, அப்பு செத்த பிறகு முதிசம் எழுதினோமா? பாதிப் பேரிடம் பதில் இல்லை. உறுதி இடப்பெயர்வில் போனது, எழுதிய நொத்தாரிசு செத்துவிட்டார், பிள்ளைகள் நான்கு நாட்டில். அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று தெரியாது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். எடுத்து வையுங்கள்.

திரும்பும்போது பலாலிப் பக்கத்தால் வந்து, வசாவிளானுக்குப் போகும் வீதியைப் பிடித்தோம். முப்பத்தைந்து வருடம் மூடியிருந்து 2025 ஏப்ரல் 10 அன்று திறந்த வீதி. திறந்தபோதே நிபந்தனைகளும் சொன்னார்கள்: காலை ஆறிலிருந்து பின்னேரம் ஐந்து வரை மட்டும், வாகனம் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, நடந்து போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வேகம் நாற்பதுக்கு மேல் கூடாது. இரண்டு பக்கமும் வேலி. அம்மாவின் சின்னம்மா கலியாணம் கட்டிப் போன வீடு அந்த வீதியில்தான் இருந்தது. "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு" என்றார். சாரதிப் பொடியன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அம்மா, இதில நிக்கேலாது" என்றேன். "நிக்காட்டி மெள்ளவாவது போ." அவன் மெள்ளப் போனான். அம்மா யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பனைகளை எண்ணினார். மதகு ஒன்று வந்தது. "இதுதான்... இல்லை, அங்கால." வேலி முடிந்துவிட்டது.

மருமகள் அன்று முழுக்க எடுத்த படங்களில் அந்த வீதி இல்லை. இரவு சாப்பிட்டபிறகு பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாய் அடையாளம் போட்டாள். மயிலிட்டிக்கு நேரே இருந்த "சூரிய உதயம்" குறிப்பை என்ன செய்வது என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன், அதுவும் பொய்யில்லையே.

அம்மா அறைக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் உறையோடு வந்தார். வர்த்தமானிப் பயத்தில் நாங்கள் பதிவகத்தில் எடுத்த பிரதி, அவருடைய சீதன உறுதி. கிழக்கெல்லை ஒழுங்கை, வடக்கெல்லை கடல் என்று எழுதியிருந்ததை மருமகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இதை அவளின் பெயருக்கு எழுதப்போகிறேன், ஆனால் வருடத்தில் ஒரு மாதமாவது வந்து இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். அக்காவிடம் கேட்டீர்களா என்றேன். அவளுக்கு ஏற்கனவே ஒரு நாடு கிடைத்துவிட்டது என்றார்.

பிள்ளை செப்ரெம்பரில் திரும்பிப் போய்விட்டாள். பதில் இன்னும் வரவில்லை. கடந்த கிழமை அழைத்தபோது, அந்தக் கிணறு குடிக்கலாமா, இல்லை உவராகிவிட்டதா என்று கேட்டாள். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்திருக்கிறேன்.